மருதம்பட்டைக் கஷாயம்

எங்க வீட்டுக்காரரு இசக்கிமுத்துவப் பத்தி நிலக்கரி மைன்ஸ்ல யாரக் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுதான் சொல்லுவாங்க. சொல்லட்டும், அவங்களுக்கென்ன, அவங்க யாரும் அந்த ஆளோட குடும்பம் நடத்தல. கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் சொன்ன ஒரு பேச்சக் கேட்டதில்ல. குடை எடுத்துட்டுப் போங்கன்னா தொப்பியப் போட்டுட்டுப் போவாரு. எதுத்துப் பேசினாலாவது நாலு வார்த்தை சண்டை போட்டு மனசு ஆறலாம். அதுவும் கிடையாது. "சரி கமலா"ம்பாரு. சொல்லிட்டு அவரு இஷ்டத்துக்குத்தான் செய்வாரு. அந்தச் 'சரி'யக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஒரே ஒரு விஷயத்துலதான் என் பேச்சக் கேட்டாரு. தினமும் காலைல நான் குடுத்த கஷாயத்த ஒரு முணுமுணுப்பு இல்லாம வாங்கிட்டுப் போனாரு. அதுல எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்ல.

கஷாயம் வந்த கதையச் சொல்லிடறேன். போன சித்திரைல ஷிப்ட்ல இருக்கும்போதே அவருக்கு நெஞ்சுவலி. மைன்ஸ்லருந்து ஆஸ்பத்திரி, அங்கருந்து பாண்டிச்சேரி. ரத்தக் குழாய்ல அடைப்புன்னு சொல்லி ஸ்டென்ட் வச்சு அனுப்பினாங்க. ஆம்புலன்ஸ்ல அவரு கையப் புடிச்சுக்கிட்டுப் போனேனே, அந்த வழி இருக்கே, அப்படி இன்னொரு தடவை என்னால போக முடியாது. அவ்வளவுதான் சொல்லுவேன். வீட்டுக்கு வந்த நாள்லருந்து அவரு கண்ண மூடிப் படுத்தா போதும், மூக்குகிட்ட கை வச்சு மூச்சு வருதான்னு பாப்பேன். பாக்காம இருக்க முடியல.

அப்பதான் வாக்கிங் போற பொம்பளைங்க சொன்னாங்க, நெஞ்சுக்கு மருதம்பட்டை மாதிரி மருந்து கிடையாதுன்னு. டாக்டர் குடுத்த மாத்திரை பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், இது ஒரு பக்கம் இருக்கட்டும்னாங்க. மருதமரத்துக்கு நான் எங்க போக? எங்க வாசல்லயே நிக்குது.

எங்க வீட்டுக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஃபௌசியா வீட்டுக்கும் நடுவுல நிக்கிற மரம் அது. ரெண்டு பேர் சேந்து கட்டிப் புடிச்சாலும் கைக்கு அடங்காது. நல்லா வெளுத்த உடம்பு. வேம்பு மாதிரி, புளி மாதிரி சொரசொரப்பெல்லாம் கிடையாது, தொட்டா வழுவழுன்னு குளுந்து கெடக்கும். பழைய பட்டைய அதுவே ஏடு ஏடா உரிச்சுக் கீழ போட்டுடும். உரிஞ்ச இடம் கொஞ்ச நாளைக்கு லேசா ரோஸ் கலர்ல தெரியும், அப்புறம் அதுவும் வெளுத்துடும். எங்க குவார்ட்டர்ஸ் சுவத்துல சுண்ணாம்பு உரியுற மாதிரிதான். என்ன, சுவத்துக்கு ஆள் வந்து வெள்ளையடிக்கணும், மரம் தானே அடிச்சுக்கும்.

டவுன்ஷிப்ல மரத்துல கத்தி வைக்கக் கூடாதுன்னு சட்டம். சட்டத்தக் கூட சமாளிச்சிடலாம், ஃபௌசியாவச் சமாளிக்க முடியாது. அவ முத்தாண்டிக்குப்பத்துப் பொண்ணு. அவங்க அத்தாவுக்கு, அதான் அப்பாவுக்கு, பலாத்தோப்பு இருக்கு. மரம்னா அவளுக்கு உசுரு. ஒரு தடவை எவனோ டியூஷன் போர்டு மாட்ட இந்த மருதமரத்துல ஆணி அடிச்சான். இவ துடைப்பத்தோட எறங்கிப் போனா பாருங்க, அவன் சுத்தியல விட்டுட்டு ஓடிட்டான். அந்தச் சுத்தியல் இன்னும் அவ வீட்டுலதான் இருக்கு.

அதனால நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, அருவாமனைப் பக்கத்துல இருக்கிற சின்னக் கத்திய எடுத்துட்டுப் போவேன். மரத்துக்குப் பின்பக்கம், வேலிச் செடி மறைக்கிற எடத்துல, ஒரு துண்டு பட்டைய செதுக்கிட்டு வந்துடுவேன். பட்டை எங்க வாங்கறீங்கன்னு யாராவது கேட்டா, மெயின் பஜார் நாட்டு மருந்துக் கடைலன்னு சொல்லிடுவேன். தானே உரியுற மரம், அதனால நான் செதுக்கின தழும்பு யார் கண்ணுக்கும் தெரியல. என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சொம்பு தண்ணிய ஒரு டம்ளரா சுண்ட வச்சு, சுக்கு தட்டிப் போட்டு, கருப்பட்டி ஒரு துண்டு சேத்துக் குடுப்பேன். ரத்தச் செவப்பா எறங்கும். எனக்குத் துவர்ப்பு ஆகாது, நான் வாயில வச்சதில்ல. அவரு டம்ளர வாங்கிக்கிட்டு, "வாசல்ல நின்னு காத்தாடக் குடிக்கேன்"னுட்டு வெளிய போவாரு. காலி டம்ளரோட உள்ள வருவாரு. அந்தக் காலி டம்ளரக் கழுவும்போது எனக்கு மனசு நெறஞ்சு போகும்.

போன மாசம் பாண்டிச்சேரிக்கு செக்கப்புக்குப் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டு, "ரொம்ப நல்லா இருக்கே, இப்படியே இருங்க"ன்னாரு. எனக்குக் கால் தரைல பாவல. பஸ் எறங்கி வீட்டுக்குள்ள போகல, நேரா ஃபௌசியா வாசல்ல நின்னு, "எல்லாம் என் கஷாயம்டி!"ன்னேன். அவ ஏதோ சொல்ல வந்தா, நான் எங்க விட்டேன்? நான்தான் பேசினேன். என் வீட்டுக்காரரு பின்னாடி நின்னுக்கிட்டு ஆகாசத்தப் பாத்தாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கதை.

மழை விட்டதுலருந்து அந்த மரத்துல செம்பழுப்பா என்னமோ ஒட்டிக் கெடந்துச்சு. நூலாம்படையும் மரத்தூளும் கலந்த மாதிரி, வார் வாரா, கிளை பிரியுற எடத்துலருந்து வளைஞ்சு வளைஞ்சு கீழ எறங்கி. ஏதோ கரையான்னு நெனச்சு விட்டுட்டேன். செக்கப்புக்குப் போய்ட்டு வந்து பாத்தா ஒன்னையும் காணும், மரம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. மழை கழுவிடுச்சுன்னு நெனச்சேன். மழை எங்க பேஞ்சுது? அதக்கூட யோசிக்கல. கஷாயத்துல மட்டும் ஒரு வாடை. சட்டி மாத்திப் பாத்தேன். அப்பயும் போகல. சரின்னு சுக்கையும் கருப்பட்டியையும் கொஞ்சம் கூடப் போட்டேன். என் புத்திய என்ன சொல்ல!

அன்னைக்குக் காலைல டம்ளரக் குடுக்கும்போதே அவரு மொகம் சரியில்ல. "வயித்தப் பெரட்டுது கமலா"ன்னாரு. "கஷாயம் குடிங்க, சரியாயிடும்"னேன். "சரி"ன்னாரு. வாசலுக்குப் போயிட்டு காலி டம்ளரோட வந்தாரு. பஸ் ஏறி பர்ஸ்ட் ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு.

வெயில் ஏறினப்புறம் வாசப் பெருக்கிட்டு இருக்கேன். எதிர் குவார்ட்டர்ஸ் பிரபாவதி வாக்கிங் முடிச்சுட்டு வந்தவ மரத்தடில நின்னுட்டா. மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு மரத்த உத்துப் பாக்கறா.

"கமலா, இங்க வாங்களேன். இதென்ன ஓட்டை?"

போய்ப் பாத்தேன். கிளை பிரியுற எடத்துல வெரல் மொத்தத்துல ஓட்டைங்க. எல்லாத்தையும் களிமண்ணு வச்சு அடைச்சிருக்கு. பூச்சி இவ்வளவு நேர்த்தியா பூசுமா? பிரபாவதி ஒரு குச்சிய எடுத்துக் குத்தினா. மண்ணு பேந்து உள்ளருந்து ஒரு பஞ்சு உருண்டை வந்துச்சு. வாடை குப்புன்னு அடிச்சுது.

அந்த வாடை எனக்குத் தெரிஞ்ச வாடை. என் அடுப்படில தினமும் வர்ற வாடை.

"யாரோ மரத்தக் கொல்றதுக்கு விஷம் வச்சிருக்காங்க"ன்னா பிரபாவதி. "எங்க அக்கா ஊர்ல இப்படித்தான் ஓட்டை போட்டு மருந்து ஊத்தி ஒரு வேப்பமரத்தக் காய வச்சாங்க." அப்புறம் குரலத் தாழ்த்தி, "ஜுல்பிகர் புதுசா கார் வாங்கியிருக்காரே. நிறுத்த எடம் வேணுமில்ல"ன்னா. ஜுல்பிகர் ஃபௌசியா வீட்டுக்காரரு, அவ மக ஆஃப்ரீனோட அத்தா.

எனக்கு மரமும் தெரியல, காரும் தெரியல. காலைல நான் குடுத்த டம்ளர்தான் கண்ணுல நின்னுச்சு. எத்தனை நாளா குடுத்திருக்கேன்! வயித்தப் பெரட்டுதுன்னு சொன்ன மனுஷனுக்கு, குடிங்க சரியாயிடும்னு என் கையாலயே குடுத்தேனே! அடைச்ச நெஞ்சத் தொறந்து டாக்டர் திருப்பிக் குடுத்த உசுர, நான் அடுப்புல காய்ச்சிக் கெடுத்துட்டேனே!

போன் போட்டேன். மணி அடிச்சு அடிச்சு நின்னுச்சு. நிலக்கரி வெட்டுற மெஷின் மேல ஏறிட்டா அவரு போன எடுக்க மாட்டாரு. துடைப்பத்தோட அப்படியே ஃபௌசியா வீட்டுக்குள்ள போனேன். முப்பது வருஷமா இங்க இருந்து என் பேச்சு எல்லா ஊர்ப் பேச்சோடயும் கலந்து போச்சு. ஆனா கோவம் வந்தா மட்டும் திருநெல்வேலி வெளிய வந்துரும்.

"ஏட்டி ஃபௌசியா! எங்கட்டி உன் புருஷன்? மரத்துக்கு என்னத்தட்டி வச்சிய?"

அவ அடுப்படிலருந்து கையத் துடைச்சுக்கிட்டே வந்தா. "இன்னாக்கா, இப்படிக் கத்திக்கினு வர்றீங்க? மருந்துதான் வச்சோம்."

வச்சோம்னு சிரிச்ச மொகத்தோட சொல்றா! எனக்கு அப்படியே ஓங்கி அறையலாம்னு வந்துச்சு.

"பட்டை தின்னிப் புழுக்கா அது. வார் வாரா கட்டிக்கினு இருந்துச்சே, நீங்க பாக்கல? பகலெல்லாம் ஓட்டைக்குள்ள இருந்துக்கினு, இருட்டினதும் வெளிய வந்து பட்டையத் தின்னும். எங்க தோப்புல பலாமரத்துக்கு வந்தா எங்க அத்தா ஒரு நாள் கூட விடமாட்டாரு. நீங்க பாண்டிச்சேரி போன அன்னைக்குத்தான், ஆஃப்ரீன் அத்தா ஏணி போட்டு ஏறி, அந்த வாரெல்லாம் துடைச்சு, கம்பிய விட்டுப் புழுவக் குத்தி, பஞ்சுல மருந்து தொட்டு அடைச்சாரு. அடிமரம் முழுக்க மருந்து பூசினாரு. சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்கதான் கஷாயம் கஷாயம்னு பேசவே விடல."

"அடிமரம் முழுக்கவா?"

"ஆமாக்கா. அதனால இன்னா? மரந்தான் பொழச்சுக்கினுச்சே."

நான் துடைப்பத்தக் கீழ போட்டேன். "நான் அந்த மரத்துப் பட்டையத்தாண்டி காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்"னேன்.

"மெயின் பஜார்ல வாங்கறேன்னீங்களே!"

"பொய்டி! பொய் சொன்னேன்டி பாவி!"

ஃபௌசியா மொகத்துல ரத்தமே இல்ல. "யா அல்லா! பின்பக்கம் உரிஞ்சு கெடந்ததப் பாத்தேங்க்கா. தானா உரியுற மரம்தானேன்னு வுட்டுட்டேன்"ன்னு சொல்லிக்கிட்டே உள்ள ஓடினா. நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கிட்டு இருந்த ஜுல்பிகர உலுக்கி எழுப்பினா. அந்தத் தம்பி விஷயத்தக் கேட்டதும் கைக்குக் கெடச்ச சட்டைய மாட்டிக்கிட்டு வந்துச்சு. போன்ல ஷிப்ட் இன்சார்ஜப் புடிச்சு, இசக்கிமுத்து அண்ணனை உடனே மெஷின விட்டு எறக்கி கேட்டுக்குக் கூட்டி வாங்க, உசுரு விஷயம்னு சொல்லிச்சு. மருந்து டப்பாவையும் கையோட எடுத்துக்கிச்சு. டாக்டர் கேட்டா காட்டணுமாம். அந்த டப்பாவுல மண்டையோட்டுப் படத்தப் பாத்ததும் எனக்கு மிச்சமிருந்த உசுரும் போச்சு.

பிரபாவதி கொற சொன்ன அதே கார்லதான் போனோம். ஃபௌசியா பின் சீட்டுல என் கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ ஓதிக்கிட்டே வந்தா. நான் ஊர்ல இருக்கிற இசக்கியம்மன்கிட்ட, "எந்தாயி, அந்த ஆள எடுத்துக்காத. எம்பேச்சக் கேக்கலன்னு இனி ஒரு நாளும் கொற சொல்ல மாட்டேன்"னு வேண்டிக்கிட்டே வந்தேன். முப்பது வருஷமா கேக்காத மனுஷன், போயும் போயும் இந்த ஒன்னுல கேட்டாரேன்னு நெஞ்சு வெடிச்சுது.

மைன்ஸ் கேட்டுல ஜீப் வந்து நின்னுச்சு. ஹெல்மெட்டோட எறங்கினாரு. மொகமெல்லாம் கரித்தூளு. எங்களப் பாத்ததும் வேகமா ஓடி வந்தாரு. ஸ்டென்ட் வச்ச ஆளு ஓடலாமா?

"பாலாவுக்கு என்ன? புள்ளைக்கு என்னாச்சு?"ன்னாரு. எங்க மகன் பாலகுமார் ஓசூர்ல இருக்கான், அவனுக்குத்தான் ஏதோன்னு நெனச்சுட்டாரு.

"அவனுக்கு ஒன்னுமில்ல. உங்களுக்கு வயித்தப் பெரட்டுதா? கண்ணு மங்குதா? நாக்க நீட்டுங்க!" நான் அவரு தாடையப் புடிச்சுட்டேன். செக்யூரிட்டி ரெண்டு பேரு வாயப் பொளந்து பாக்கறாங்க.

ஜுல்பிகர் தான் சொல்லிச்சு. "அண்ணே, நான் மரத்துக்குப் பூச்சி மருந்து பூசிட்டேன். அக்கா அந்தப் பட்டையத்தான் காய்ச்சிருக்காங்க. தெரியாமப் பண்ணிட்டேண்ணே. வண்டில ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

அவரு ஏறல. ஹெல்மெட்டக் கழட்டினாரு. டப்பாவப் பாத்தாரு, ஜுல்பிகரப் பாத்தாரு, கடைசியாத்தான் என்னப் பாத்தாரு.

"ஏட்டி, நான் குடிக்கல"ன்னாரு.

"இன்னைக்கா?"

"இன்னைக்கும்."

"பொறவு?"

"என்னைக்குமே குடிக்கல. மொத நாள் ஒரு வாய் குடிச்சேன், கொடலே வெளிய வந்துரும் போல இருந்துச்சு. அதுக்கப்புறம் குடிக்கல."

"காலி டம்ளர் கொண்டு வந்தீங்களே?"

"மரத்து மூட்டுல, வேருகிட்ட ஊத்திட்டுக் கொண்டு வருவேன். அதுகிட்டருந்து எடுத்தது, அதுக்கே போகட்டும்னு."

"அப்போ காலைல வயித்தப் பெரட்டுச்சே?"

அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "அது நேத்து கேன்டீன்ல தின்ன பஜ்ஜி."

பஜ்ஜி! எண்ணெய்ப் பண்டம் ஆகாதுன்னு டாக்டரு சொல்லி, நான் தலைல அடிச்சுச் சொல்லி, அந்த மனுஷன் பஜ்ஜி தின்னுருக்காரு! வெறுங்கையாலயே அவரு தோள்ல போட்டேன் ஒரு போடு. "பொய் சொல்லி பொய் சொல்லி என்ன ஏமாத்துனியளே! இருட்டுல எந்திரிச்சு, பூச்சி பொட்டுன்னு பாக்காம, திருடி மாதிரி பட்டைய செதுக்கிட்டு வந்து காய்ச்சிக் குடுத்தா, அத மரத்து மூட்டுலயா ஊத்துனிய!" இன்னொரு போடு. மூணாவது அடிக்குக் கை ஓங்கறேன், கை வரல. அழுகை முந்திக்கிச்சு. அவரு கரிச்சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதேன் பாருங்க, எங்க அம்மா செத்தப்பக் கூட அப்படி அழல. அழுதுகிட்டே சிரிப்பும் வருது. குடிக்கல. அந்த ஆளு குடிக்கல. என் பேச்சக் கேக்கல. அப்பாடா, என் தெய்வமே, கேக்கல!

"வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? அதக் காய்ச்ச ஆரம்பிச்சப்புறந்தான் உன் மொகத்துல பயம் கொறஞ்சுது. டம்ளரக் குடுக்கும்போது நீ ஒரு பார்வை பாப்பே பாரு, அதக் கெடுக்க மனசு வரல"ன்னாரு.

ஃபௌசியா முந்தானையால மூக்கச் சிந்தினா. "அண்ணே, நீங்க ஊத்தினதுல மரத்துக்கு நெஞ்சு நல்லா ஆயிருக்கும். புழுவுக்கும் சேத்து நல்லா ஆயிருக்கும், அதனாலதான் அவ்ளோ கொழுத்துப் போயி இருந்துச்சு"ன்னா. ஜுல்பிகர் சிரிச்சுது, ஜீப் டிரைவர் சிரிச்சாரு, செக்யூரிட்டியும் சிரிச்சாங்க. அப்பதான் அந்தத் தம்பி சட்டைய உள்பக்கம் வெளிய தெரியப் போட்டிருக்கறத நான் பாத்தேன். உன்னப் போய் சந்தேகப்பட்டேனேப்பான்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். வெளிய சொல்லல. பிரபாவதி பேரையும் இழுக்கல.

இருந்தாலும் விடல நான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். நெஞ்சும் வயிறும் நல்லாத்தான் இருக்காம். மிச்சமிருந்த பட்டையையும் சட்டியையும் குழி தோண்டிப் புதைச்சேன். ஃபௌசியா மரத்துக்குப் பின்னாடி போய் நான் செதுக்கின எடத்தப் பாத்து, "அக்கா, புழுவே தேவலாம்"னா. பாதி ஷிப்ட்ல வந்ததால அவருக்கு அரை நாள் லீவு. ரசம் சோறு சாப்பிட்டுட்டு மதியம் கட்டில்ல சாஞ்சாரு.

நான் பாத்திரத்தக் கழுவி வச்சுட்டு வந்தேன். கண்ண மூடிப் படுத்திருந்தாரு. ஜன்னலுக்கு வெளிய மருதமரம் வெளுத்துப் போயி நிக்குது. பழக்க தோஷம், மூக்குகிட்ட கையக் கொண்டு போனேன். சூடா மூச்சு பட்டுச்சு.

"வருது கமலா. போய்ப் படு"ன்னாரு, கண்ணத் தொறக்காமலே.

"சரி"ன்னேன்.

சொல்லிட்டு, கைய எடுக்காம அங்கயே உக்காந்திருந்தேன்.